காபூலில் புகாராவின் தூதர்

புகாரா, ஏப்ரல் 1921

புகாரா மக்கள் குடியரசின் காபூல் தூதர், மேன்மைமிகு மிர்சா நுஸ்ரத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகள் ஹாலிதாவும் உயிரோடு இருக்கிறோம். என் இடது காலில் நரம்புச் சிலந்தி இறங்கியிருக்கிறது. குளத்துத் தண்ணீர் அப்படி. நாவிதர் தினமும் வந்து புழுவைக் குச்சியில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார். அறுந்துவிடாமல் வெளியே வர துஆ செய்யுங்கள் என்று எழுதலாம். உங்கள் கட்சியில் துஆ உண்டா என்று தெரியவில்லை. தங்கள் உடல்நலம் எப்படி? கேட்பது முறை என்பதால் கேட்கிறேன்.

நீங்கள் தூதராகப் புறப்பட்ட செய்தியை ரொட்டிக் கடையில்தான் அறிந்தேன். "உங்க அண்ணன் ராஜா மாதிரி ரயிலேறிப் போனாராமே" என்றார் கடைக்காரர். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன செப்டம்பரில் உங்கள் செம்படை நண்பர்கள் விமானத்திலிருந்து குண்டு போட்டபோது அத்தா பின்கட்டில் தொழுகை விரிப்பில் இருந்தார். இடிபாட்டிலிருந்து அவரை நானும் பக்கத்து வீட்டுப் பெண்களுமாகத்தான் எடுத்தோம். நெருப்பு அணைவதற்குள் நீங்கள் ரெகிஸ்தான் சதுக்கத்தில் மேடை ஏறி விடுதலையைப் பற்றிப் பேசினீர்கள். நல்ல பேச்சு என்று கேட்டவர்கள் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் யாத்கார்பெக், நம்மை ஆண்ட அமீரோடு போனவர் போனவர்தான். அமீர் கிழக்கு மலைகளில் அலைந்து, ஆற்றைத் தாண்டி, இப்போது காபூலில் விருந்தாளியாக இருக்கிறாராம். அவருடைய காவல் படையில் இருந்தவரும் அங்கேதான் இருக்க வேண்டும். இருவரும் ஒரே ஊரில் இருக்கிறீர்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். அண்ணன் என்று நினைத்து உங்களிடம் கேட்கவில்லை. தூதர் என்றால் குடிமக்களிடம் மனு வாங்க வேண்டும் அல்லவா? இது மனு.

வஸ்ஸலாம்.
ஸாலிஹா


காபூல், ஜூலை 1921

ஸாலிஹாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உடம்பு நன்றாக இருக்கிறது. இங்கே மலைத் தண்ணீர், புழு கிடையாது. நாவிதரை அவசரப்படுத்தாதே. அறுந்தால் கால் முழுக்கச் சீழ் வைக்கும்.

மனு வந்து சேர்ந்தது. முதலில் தூதரின் நிலைமையைக் கேட்டுக்கொள். ஆப்கான் மன்னரிடம் நான் நியமனப் பத்திரம் கொடுத்த அன்று, நம் நாட்டுப் பண் எது என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றேன். பேண்ட் மாஸ்டர் தனக்குத் தெரிந்த துருக்கிக் கல்யாணப் பாட்டை வாசித்தார். நான் நெஞ்சில் கை வைத்து நின்றேன். பெருநாள் தர்பாரில் மன்னருக்கு அடுத்த கம்பளத்தில் அமீரை உட்கார வைத்திருந்தார்கள். எனக்குக் காட்டிய இடம் பெஷாவர் வியாபாரிகளுக்குப் பின்னால். உட்காரவில்லை. கடைசிவரை நின்றேன். இரண்டாம் மந்திரி வந்து, "கால் வலிக்கலையா?" என்று கேட்டார். "எங்க நாட்டுக்கு வயசு கம்மி. நிக்கலாம்" என்றேன். அடுத்த தர்பாரில் கம்பளம் இரண்டு வரிசை முன்னால் வந்தது. நான் இங்கே செய்யும் வேலை இதுதான். ஓடிப்போன மாப்பிள்ளைகளைத் தேடுவதல்ல.

அத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. ஆனால் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். பத்திரிகை படித்த குற்றத்துக்காக அமீரின் கோட்டையில் என் முதுகைக் கம்பால் கிழித்த அன்று, வாசலில் காவல் நின்றவர் உன் வீட்டுக்காரர். என்னை மூன்றாம் மனிதனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வெளியே அவரைக் கண்டேன். தாடி நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் தரையில் துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டார். உயிரோடு இருக்கிறார். மனு முடிந்தது.

நுஸ்ரத்


புகாரா, அக்டோபர் 1921

தூதர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புழு முழுசாக வெளியே வந்துவிட்டது. நாவிதர் அதை ஹாலிதாவுக்குக் காட்டினார். அவள் அன்று சாப்பிடவில்லை. தாங்கள் நின்றுகொண்டே இருப்பதால் கால் வீங்கியிருந்தால் வெந்நீரில் உப்புப் போட்டு வையுங்கள்.

அவர் துப்பியதை எழுதினீர்கள். அவர் நன்றாக இருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதற்கு நன்றி.

இப்போது இரண்டாவது மனு. தெருவில் முரசடித்துச் சொல்லிப் போனார்கள். அமீரோடு போனவர்கள் ஆயுதத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் மன்னிப்பு உண்டு. காபூல் தூதரின் முத்திரை போட்ட காகிதம் கையில் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள். இதைச் சொன்னவர் உங்கள் அரசாங்கத்தின் ஆள். கூடவே இன்னொன்றும் வந்திருக்கிறது. திரும்பி வராதவர்களின் வீட்டை எடுத்துக்கொள்வார்கள். நம் வீட்டு முன்கட்டில் ஏற்கனவே ஆறு சிப்பாய்கள். அத்தா நட்ட மாதுளையில் அவர்கள் குதிரை கட்டியிருக்கிறார்கள். மாடி அறைக்கு ஒரு அதிகாரி வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார். "புருஷன் எங்க?" என்று கேட்டார். "என் அண்ணன் தூதர்" என்றேன். அந்தச் சொல்லை உபயோகிக்க வேண்டி வந்ததே என்று பிறகு வாயைக் கொப்பளித்தேன்.

அவருக்கு முத்திரை போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். நம் தெருக் குல்லாய் தைக்கும் துராப்பும் அங்கே இருக்கிறாராம். அவர் மனைவி நிஸாவும் கேட்கச் சொன்னாள். அவள் உங்களைத் திட்டுவதில்லை. அவளுக்காகவாவது செய்யுங்கள்.

ஸாலிஹா


காபூல், பிப்ரவரி 1922

ஸாலிஹாவுக்கு,

ஸலாம். கணவாய் பனியால் மூடியிருந்ததால் தாமதம். காய்ச்சல் வந்து போயிற்று. ஹாலிதா சாப்பிடுகிறாளா?

முன்கட்டுச் சிப்பாய்கள் விஷயமாக எழுதியிருக்கிறேன். மாதுளையைப் பற்றியும் எழுதினேன். வெளியுறவு அமைச்சகத்துக்கு மாதுளையைப் பற்றி எழுதிய முதல் தூதர் நானாகத்தான் இருப்பேன்.

துராப் வந்தார். சொந்தக் கையால் தைத்த குல்லாய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து அழுதார். அவரையும் சேர்த்து ஏழு பேருக்கு முத்திரை போட்டுக் கொடுத்தேன். எங்கள் குடியரசு பிறந்து செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. அப்படித்தான் நினைக்கிறேன். சந்தேகப்பட்டுப் பழகிய நீ இதையாவது நம்பலாம்.

உன் வீட்டுக்காரரிடம் போனேன். நானாகத்தான் போனேன், கவனி. அமீரின் தோட்டத்துக்கு வெளியே குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறார். எனக்குத் தேநீர் தரவில்லை. காகிதத்தை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இருக்கிற பிறை தலைகீழா இருக்கு" என்றார். தச்சன் முத்திரையை அப்படிச் செதுக்கிவிட்டான். சொல்லவில்லை. கடைசியில், "பனி உருகட்டும். வர்றேன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

நுஸ்ரத்


புகாரா, ஏப்ரல் 1922

தூதர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹாலிதா சாப்பிடுகிறாள். உங்கள் காய்ச்சலுக்கு முள்ளங்கிச் சாற்றில் தேன்.

துராப் வந்து சேர்ந்தார். நிஸா தெரு முழுக்க ஓஷ் சோறு போட்டாள். கடன் வாங்கிய கொப்பரை, கடன் வாங்கிய இறைச்சி. ஆண்கள் பக்கம் துராப் உங்கள் காகிதத்தைக் கைக்குக் கை கொடுத்துக் காட்டினாராம். முதல் முறையாக இந்தத் தெருவில் உங்கள் பெயரைச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

பனி உருகிவிட்டது. அவரை அனுப்புங்கள். சிப்பாய்கள் போய்விட்டார்கள், மாதுளை பட்டுவிட்டது. அவர் வந்தால் வேறு நடுவார்.

ஸாலிஹா


காபூல், ஜூலை 1922

ஸாலிஹாவுக்கு,

ஸலாம். நலம்.

யாத்கார்பெக் வரமாட்டார். அவர் பெயருக்குக் கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன். முத்திரை கேட்டு இனி எழுதாதே. உனக்கும் தரமாட்டேன், உன் தெருவில் வேறு யாருக்கும் தரமாட்டேன்.

காரணம் கேட்பாய். பக்மானில் பழத்தோட்டம் உள்ள ஒரு விதவையை அவர் நிக்காஹ் செய்துகொண்டார். நன்றாக இருக்கிறார். இப்படிப்பட்ட மனிதரைத் திரும்ப அழைத்து மன்னிப்புக் கொடுக்கக் குடியரசுக்கு அவசியம் இல்லை. ஹாலிதாவுக்கு எழுத்து சொல்லிக்கொடு. எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதே.

நுஸ்ரத்


புகாரா, செப்டம்பர் 1922

நுஸ்ரத்துக்கு,

ஸலாம் எழுதக் கை வரவில்லை. நலமா என்று கேட்கவும் போவதில்லை.

நீ என்று எழுதுகிறேன். அத்தா இருந்தால் அடித்திருப்பார். அவர் இல்லை, காரணம் உனக்குத் தெரியும்.

நீ எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை. கோட்டை வாசலில் அவர் உன்னைத் தெரியாதவர் போலப் பார்த்தாரே, அதற்குக் கூலி வாங்கிவிட்டாய். அவரைத் தொட முடியாததால் என்னைத் தொட்டாய். அன்றைக்கு அவர் வாயைத் திறந்திருந்தால் அவருக்கும் கம்புதான். அப்போது எனக்குப் புருஷனும் இல்லாமல் அண்ணனும் இல்லாமல் போயிருக்கும். அதை நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? மேடையில் பேச மட்டும் உனக்கு வாய் இருக்கிறது.

கல்யாணம் செய்துகொண்டார் என்றால் அதை அவர் எழுதட்டும். அவருக்கும் எழுத்து தெரியும்.

நிஸா தினமும் வருகிறாள். ரம்ஜான் முடிந்த வாரம் துராப்பைப் பெயர் பதிய என்று சார்ஜூய்க்குக் கூப்பிட்டார்கள். இன்னும் வரவில்லை. மற்ற ஆறு பேரையும் அப்படியே கூப்பிட்டார்களாம். எங்கே போய்க் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரை அனுப்பியவன் நீ. இதற்காவது பதில் எழுது.

ஸாலிஹா


காபூல், டிசம்பர் 1922
(கராகுல் தோல் வியாபாரி ஷம்சி கையில்)

ஸாலிஹா,

ஸலாம். இது தூதரகத் தபால் பையில் வரவில்லை. ஷம்சி குல்லாய்க்குள் வைத்துக் கொண்டுவருகிறான். படித்ததும் அடுப்பில் போடு.

முதலில் நிஸாவுக்கு. துராப் இல்லை. சார்ஜூய்க்கு வெளியே மணல்மேட்டில், ஏழு பேரும் ஒன்றாக. எந்த இடம் என்று எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். எனக்கு ஒரு காரியதரிசி இருக்கிறார், வடக்கே இருந்து செம்படைக்காரர்கள் கொடுத்த ஆள். மரியாதையான மனிதர், மீசையை மெழுகால் முறுக்குவார். போன வசந்தத்தில் தேநீர் குடிக்கும்போது, "உங்க தங்கச்சிக்குக் கால் சரியாயிடுச்சா?" என்று கேட்டார். உன் காலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. நம் கடிதங்கள் எல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போய் வருகின்றன என்று அன்று தெரிந்தது. ஜூன் மாதம் ஒரு கட்டு வெற்றுக் காகிதத்தைக் கொண்டுவந்து முத்திரை போடச் சொன்னார். முன்பு போன ஏழு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். "அவங்களைப் பத்தி இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தை அனுப்புங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. நம் அமைச்சர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒருவர் மட்டும் பதில் எழுதினார். உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அதனால்தான் உனக்கு ஜூலையில் அப்படி எழுதினேன். முத்திரை இப்போது என் இடுப்பில் கட்டியிருக்கிறது. தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை. இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் ஆள் விட்டு, என் கையெழுத்தோடு எந்தக் காகிதம் வந்தாலும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்ல அனுப்பிய ஆள் உன் வீட்டுக்காரர். அவர் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள்.

நான் வேலையை உதறினால் முத்திரை அவர் கைக்குப் போகும். அதனால் இருக்கிறேன். தர்பாரில் இப்போது முதல் வரிசைக் கம்பளம்.

தூதரகப் பை வழியாக எழுதும்போது முன்பு போலவே என்னைத் திட்டி எழுது. உனக்கு அது கஷ்டமாக இருக்காது.

நுஸ்ரத்


புகாரா, மார்ச் 1923
(ஷம்சி கையில்)

அண்ணனுக்கு,

ஸலாம். கடிதத்தை எரித்துவிட்டேன்.

நிஸாவிடம் நானே போய்ச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், அந்தக் காகிதத்தின் உறையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "இது உங்க வீட்டுது" என்றாள். அவ்வளவுதான். இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் முகத்திரையைக் கீழே இழுத்துக்கொள்கிறாள்.

ஏழு பெண்கள், ஒரே ஒரு கையெழுத்து. நீங்கள் நல்லது என்று நினைத்துத்தான் போட்டீர்கள். தெரிகிறது. நல்லது என்று நினைத்துத்தான் அந்த விமானங்களையும் கூப்பிட்டீர்கள். யாரோடு கை கோத்திருக்கிறோம் என்று இரண்டு தடவையும் பிறகுதான் பார்த்தீர்கள். மன்னிக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க என்னிடம் இல்லை.

ஆனால் ஒன்று. அந்த விதவை, பழத்தோட்டம், நிக்காஹ் எல்லாம் காரியதரிசி படிப்பதற்காக எழுதியது என்று இப்போது புரிகிறது. அரை வருஷமாக நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நேற்று எழுந்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அந்தப் பொய்க்காக அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும். அவரிடம் சொல்லுங்கள், நான் இருக்கிறேன், எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை என்று. ஹாலிதா இப்போது அவர் உயரத்துக்கு வந்துவிட்டாள்.

ஸாலிஹா


புகாரா, ஜூலை 1923
(தூதரகப் பையில்)

மிர்சா நுஸ்ரத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அனைவரும் நலம். தங்கள் நலம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

தங்களைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்திருப்பதாகப் பத்திரிகையில் வந்தது. காபூலிலிருந்து ஒரு வருஷமாக ஒருவர்கூடத் திரும்பாததற்கு விளக்கம் கேட்பார்களாம். திரும்பி வந்து என் வீட்டில் தங்கலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். அத்தாவைக் கொன்றவருக்கு இந்த வாசல் திறக்காது. தெருக்காரர்கள் கல்லெடுக்கக் காத்திருக்கிறார்கள். நிஸாவும் அதில் ஒருத்தி. ஹாலிதாவிடம் மாமா இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் உங்களுக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது. உலகம் பெரியது. எங்கே வேண்டுமானாலும் போங்கள், இங்கே மட்டும் வராதீர்கள்.

ஸாலிஹா


மஸார், அக்டோபர் 1923
(ஷம்சி கையில்)

என் ஸாலிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் ஹாலிதாவும் நலமாக இருக்க எல்லா வேளையும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் அண்ணனை எல்லை ஆற்றங்கரை வரை கொண்டுவந்து விட்டது நான்தான். காவலுக்கு வந்த ஆப்கான் குதிரைக்காரர்களைப் பாதி வழியில் திரும்ப அழைத்துவிட்டார்கள். கணவாயில் கொள்ளைக்காரர்கள் அதிகம். கேள்விப்பட்டு நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டேன். "அமீர் அனுப்பினாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு சண்டை. நான் தொழும்போது அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு சத்தமாக ஆப்கான் தேநீரைப் பழிப்பார். அமீரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், நான் சவுக்கை எடுத்துவிட்டேன். உன் மேல் ஆணை, அடிக்கவில்லை.

நீ பையில் போட்ட கடிதத்தை ஒரு சத்திரத்தில் எனக்குப் படித்துக் காட்டினார். நீ நிஜமாகவே அவரை வெறுத்துவிட்டாய் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "நல்லாத் திட்டியிருக்கா. வந்தா கொன்னுடுவாங்க, ஓடிப்போன்னு சொல்றா. வேற எப்படி எழுதுவா?" என்றார். பிறகு, "திட்டினதும் பொய்யில்லை" என்றார்.

ஆற்றங்கரையில் படகு வரும்வரை நாணல் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அக்கரையில் அவருக்காக வந்த ஆட்கள் தெரிந்தார்கள்.

"திரும்பிடலாம் மச்சான். ரெண்டு குதிரை இருக்கு. மஷாத் போயிடு, இல்லன்னா ஸ்தான்புல் போ. உனக்கு நாலு பாஷை தெரியும்" என்றேன்.

"நான் போகலைன்னா அவங்க எங்க வருவாங்க?"

நான் ஒரு நாணலை ஒடித்தேன். அவரே சொன்னார்.

"ஸாலிஹா வீட்டுக்கு வருவாங்க. ஓடிப்போன தூதரோட தங்கச்சி, ஓடிப்போன சிப்பாயோட பொண்டாட்டி. ஒரே வீட்ல ரெண்டு. அவளையும் விடமாட்டாங்க, பொண்ணையும் விடமாட்டாங்க."

"அந்த நாட்டை இன்னும் நம்புறியா?"

"நம்புறதை விட்டு ஒரு வருஷமாச்சு. ஆனா நான்தான் அதோட தூதர். கூப்பிட்டா வரலைன்னா, அப்படி ஒரு நாடே இருந்ததில்லைன்னு ஆயிடும்."

இடுப்பிலிருந்து முத்திரையை அவிழ்த்து ஆற்றில் எறிந்தார். வேறு செய்துகொள்வார்களே என்றேன். "செஞ்சுக்கட்டும். அதுல என் கை இருக்காது" என்றார். படகில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். செய்யவில்லை. குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்கரையில் இறங்கியதும் இரண்டு பக்கமும் ஆள் நின்றார்கள். மணல் காற்று வந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை.

நான் உன்னைக் காப்பாற்றவில்லை. அதற்காகப் போனவர் அவர். இதைச் சொல்லத்தான் எழுதினேன். ஹாலிதாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு.

யாத்கார்பெக்


புகாரா, நவம்பர் 1924
(ஷம்சி கையில்)

யாத்கார்பெக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஹாலிதாவும் நலம். அவளுக்கு அடுத்த வசந்தத்தில் கல்யாணம் பேசியிருக்கிறேன். பையன் பள்ளிக்கூட வாத்தியார். அங்கே உங்கள் உடம்பு எப்படி?

உங்கள் கடிதம் வந்த மறுநாளே பழைய சிறைக்குப் போனேன். இரண்டு ரொட்டி, கொஞ்சம் உலர்ந்த மல்பெரி. காவல்காரன் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். இறந்தவருக்கு வாங்கமாட்டார்கள் என்று வாசலில் நின்ற பெண்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் போனேன். குளிர்காலம் போயிற்று, கோடை போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பின்னால் நிஸா நின்றுகொண்டிருந்தாள். தன் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து என் கூடையில் வைத்துவிட்டுப் போனாள்.

போன மாதம் புகாரா குடியரசைக் கலைத்துவிட்டார்கள். கூட்டம் கூடிக் கை தூக்கி, இனி அப்படி ஒரு நாடு இல்லை என்று முடிவு செய்தார்கள். வரைபடத்தில் வேறு பெயர் எழுதியாகிவிட்டது. பத்து நாள் கழித்து வாசலில் ஒரு கிழவர் நின்றார். பற்கள் பாதி இல்லை. நான் பிச்சைக்காரர் என்று நினைத்து ரொட்டி எடுக்கப் போனேன். "ஸாலிஹா, மாதுளை எங்க?" என்று கேட்டார்.

எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். புதிதாக வந்த விசாரணை அதிகாரி, சின்ன வயசுக்காரன், கோப்பைப் புரட்டிவிட்டு, "என்ன குற்றம் போட்டிருக்காங்க?" என்று கேட்டானாம். புகாரா குடியரசுக்குத் துரோகம் என்று எழுத்தர் படித்தாராம். "அப்படி ஒரு நாடே இல்லையே. இல்லாத நாட்டுக்கு எப்படித் துரோகம் பண்றது?" என்று சிரித்து மூடிவிட்டானாம். அண்ணன் எழுந்து நின்று, "இருந்தது. நான் அதோட தூதர்" என்று சொன்னாராம். அந்த நேரத்திலும் இந்த மனிதரால் சும்மா இருக்க முடியவில்லை. நல்லவேளை, அதிகாரிக்குச் சாப்பாட்டு நேரம்.

அத்தாவின் அறையில் படுக்கை போட்டேன். சரியாகப் பேசுவதில்லை. பேசினால் சண்டை. அத்தாவின் கபருக்கு அவர் போன அன்று நான் கூடப் போகவில்லை. ஆனால் சூப் வைத்தால் இறைச்சியை அவர் கிண்ணத்தில்தான் போடுகிறேன், பல்லுக்கு ஏற்றபடி வெந்திருக்கிறதா என்று பார்த்து.

நேற்று அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஹாலிதா கல்யாணத்துக்கு உங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், எல்லை திறக்கும் நாளுக்குக் காத்திருப்பார் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். வைத்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சுண்ணாம்பு அடித்ததைப் பற்றி எழுதிய கடிதத்துக்கு அவர் பதிலே போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பக்மான் விதவை. அது காரியதரிசிக்காக எழுதினதுதானே?" என்று கேட்டேன்.

கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அந்த ஜூலைக் கடிதத்துல நான் ஒளிக்காம எழுதின நிஜம் அது ஒண்ணுதான்" என்றார்.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆறு இருக்கிறது, நாணல் இருக்கிறது, குதிரையின் கழுத்து இருக்கிறது. அவள் இல்லை. என் ஸாலிஹாவுக்கு என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். நான்கு வருஷம் ஒருவரை இந்த வீட்டுக்குத் திரும்ப வரவழைக்க என் அண்ணனோடு மல்லுக்கட்டினேன். வந்திருப்பது வேறு ஆள்.

இனி ஷம்சியிடம் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஹாலிதாவுக்கு வேண்டுமானால் எழுதுங்கள், அவளுக்கு எழுத்து தெரியும், பதில் போடுவதா என்று அவள் முடிவு செய்வாள். அந்தப் பெண்மணிக்கு என் ஸலாம். அவள் என்னை ஏமாற்றவில்லை.

கல்யாணத்தில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொடுக்க அண்ணன் இருக்கிறார். அவருக்குப் புது மேலங்கி தைக்கத் துணி எடுத்திருக்கிறேன். அளவு எடுக்கும்போதுகூட நேராக நிற்கமாட்டேன் என்கிறார். தூதராக நின்றது போதுமாம், உட்கார்ந்தபடி அளக்கச் சொல்கிறார். அதற்கும் இப்போது சண்டை போட வேண்டும்.

வஸ்ஸலாம்.
ஸாலிஹா